ஒன்பதாம் பலகைக்காரனின் கால்

வலெத்தா,
புனித கத்தரீனம்மாள் திருநாளுக்கு மறுநாள்

அன்புள்ள சால்வு அண்ணனுக்கு,

தம்பி நார்து எழுதுவது. நான் சுகம். என் வலது முட்டி மட்டும் சுகமில்லை. அதற்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லாததால் அதன் சார்பில் நான் எழுத முடியாது. உன் ஆடுகள், உன் உடம்பு, உன் படகு மூன்றும் எப்படி இருக்கின்றன என்று எழுதவும். ஆடுகளை முதலில் விசாரிக்கிறேன். அவை உன்னைவிட நன்றாகப் பதில் சொல்லும்.

இதை உனக்கு வாசித்துக் காட்டுகிற ஜிலோர்மு சாமியாருக்குத் தோத்திரம். சாமி, போன தடவை நான் எழுதிய வேடிக்கைக்கு அண்ணன் சிரிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பூசை வாசிக்கிற குரலில் வாசித்தால் எவன் சிரிப்பான்? கொஞ்சம் சந்தைக் குரலில் வாசியுங்கள்.

அரண்மனையில் எல்லோருக்கும் காது நீண்டுவிட்டது. எங்கள் சபைத் தலைவருக்கு, அதாவது பெரியவருக்கு, எண்பத்தொன்று ஆகிறது. அவர் ஓர் அறையில் இருமினால் மற்ற அறைகளில் பிரபுக்கள் எழுந்து நிற்கிறார்கள். இந்தத் தீவை ஆள்கிற அருளப்பர் சபையில் ஏழு மொழிக்காரர்கள் இருக்கிறார்கள் அல்லவா, ஏழு பேருக்கும் அடுத்த தலைவர் தன் மொழிக்காரராக இருக்க வேண்டும். தண்ணீர் சுமக்கிற என்னிடம்கூட ஒருவர் கேட்டார், "நார்து, இன்னைக்குப் பெரியவர் எத்தனை தடவை இருமினார்?" என்று. "எண்ணத் தெரியாது பிரபு, நான் சுமக்க மட்டும்தான் படிச்சேன்" என்றேன்.

அண்ணா, கிறிஸ்துமஸுக்கு வா. என் பெண்டாட்டி வெந்தூரா போய்ப் பதினோரு வருஷமாகிறது. இன்னும் சாப்பாட்டு நேரத்தில் கை தானாக இரண்டு தட்டு எடுக்கிறது. ஒன்றைத் திரும்ப வைக்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக நீ இந்த நகரத்தில் கால் வைக்கவில்லை. கோசோவுக்கும் இங்கேயும் நடுவில் இருப்பது அரை நாள் படகுதான். எனக்கோ விடுமுறை கிடைப்பதில்லை.

உன் தம்பி,
நார்து

*

இம்ஜார் துறை, கோசோ,
புனித பார்பரம்மாள் திருநாள்

நார்துவுக்கு,

அண்ணன் சால்வு சொல்ல ஜிலோர்மு சாமியார் எழுதுவது. சுகம். ஆடுகளும் சுகம். ஒன்று குட்டி போட்டது. படகுக்குத் தார் பூச வேண்டும். முட்டிக்கு எண்ணெய் சூடு பண்ணித் தேய். கிறிஸ்துமஸுக்கு வருவதற்கில்லை. மிளகு தடவிய ஆட்டுப் பால்கட்டி ஆறு அனுப்பியிருக்கிறேன். கூடையைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

சால்வு

தம்பி, இவ்வளவுதான் சொன்னார். காகிதத்தில் இன்னும் இடம் இருக்கிறதே என்றேன். "இருக்கட்டும் சாமி, அவன் நெரப்பிக்குவான்" என்றார். உன் கடிதத்தைச் சந்தைக் குரலில்தான் வாசித்தேன். கோயில் பெருக்க வந்த அம்மாள் சிரித்தாள். இவர் சிரிக்கவில்லை. உனக்கு விடுமுறை கிடைக்காதது இருபத்திரண்டு வருஷமாகவா என்று நான் கேட்டேன். இவர் எழுந்து கூடையைக் கட்டப் போய்விட்டார்.

ஜி. சாமியார்

*

வலெத்தா,
வனத்து அந்தோனியார் திருநாள்

அன்புள்ள அண்ணனுக்கு,

உயிரோடு இருக்கிறேன். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். புது வருஷக் கடிதம் ஏன் வரவில்லை என்று கோபிக்காதே. எழுதிப் படகுக்காரனிடம் கொடுத்து, அவன் கயிற்றை அவிழ்க்கிற நேரம் பார்த்துப் பெரிய கோயில் மணி அடித்தது. பெரியவர் போய்விட்டார்! அவ்வளவுதான், நகர வாசலைச் சாத்து, துறைமுகத்துக்குக் குறுக்கே சங்கிலியை இழு, புதுத் தலைவர் வரும்வரை ஒரு நண்டுகூட வெளியே போகக் கூடாது என்று உத்தரவு. படகுக்காரன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "யோவ் நார்து, உன் கடுதாசிய வாங்கின நேரம்யா இது" என்றான். நான்தான் பெரியவரை முடித்துவிட்டதுபோல. கடிதம் அவன் மடியிலேயே மூன்று நாள் மீன் நாற்றத்தில் கிடந்தது. கடைசியில் அதில் மீன் சுற்றிவிட்டான்.

மூன்றாம் நாள் தலைவரைத் தேர்ந்தெடுக்கப் பிரபுக்கள் எல்லோரையும் கோயிலில் வைத்துப் பூட்டினார்கள். நான் வெளியே தண்ணீர்க் குடத்தோடு உட்கார்ந்திருந்தேன். யோசித்துப் பார்த்தால் இந்தச் சபையும் நம்மை மாதிரிதான் அண்ணா. எருசலேமில் நோயாளிக்குக் கஞ்சி ஊற்ற ஆரம்பித்தார்கள். அங்கிருந்து விரட்டினார்கள், ரோட்ஸ் தீவுக்கு வந்தார்கள். அங்கிருந்தும் விரட்டினார்கள், போக இடமில்லாமல் நம் பாறைக்கு வந்தார்கள். கஞ்சி ஊற்றுவதையும் விடவில்லை, சண்டையையும் விடவில்லை.

சாயங்காலம் கதவு திறந்தது. புதுத் தலைவர் யார் தெரியுமா? உனக்குத் தெரிந்தவர்தான். 'வெற்றி மாதா' கப்பலின் பழைய தளபதி. நான் அவர் தலையைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. நீதான் ஐந்து வருஷம் நேருக்கு நேர் பார்த்தவன். துடுப்புப் போடுகிறவன் கப்பலின் பின்பக்கம் பார்த்துத்தானே உட்காருவான், தளபதியும் அங்கேதானே உட்காருவார்.

சரி, அதை விடு. பால்கட்டி பிரமாதம். ஐந்து நான் சாப்பிட்டேன். ஒன்றைச் சமையல்காரன் திருடிவிட்டான் என்று சொல்லி அதையும் நானே சாப்பிட்டேன். கூடையை ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன்.

உன் தம்பி,
நார்து

*

இம்ஜார்,
மெழுகுத்திரித் திருநாள்

நார்துவுக்கு,

சால்வு சொல்ல எழுதுவது. சுகம். குட்டி செத்துப்போனது. தார் பூசியாயிற்று. அந்த முகம் தெரியும். மழை பெய்தால் அவரும் கூடாரத்துக்குள் போகாமல் நனைவார். வேறொன்றும் சொல்வதற்கில்லை. முட்டிக்கு எண்ணெய் போட்டாயா?

சால்வு

தம்பி, தளபதியைப் பற்றி வாசித்தபோது இவர் குனிந்து கணுக்காலைத் தடவினார். ஆஸ்பத்திரியின் வெள்ளிக் கிண்ணத்தை எடுத்துத் துடுப்புத் தண்டனை வாங்கியவர் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அதை அனுபவித்து முடித்தும் ஆயிற்று. நாங்கள் யாரும் முகத்துக்கு நேரே பேசுவதில்லை. கூடப் பிறந்தவன் நீயே அதைக் கிளறலாமா?

ஜி. சாமியார்

*

வலெத்தா,
விபூதிப் புதன்

அன்புள்ள அண்ணனுக்கு,

நெற்றியில் சாம்பலோடு எழுதுகிறேன். உடம்பு நலம், வயிறு மட்டும் இன்றைக்கு ஒருசந்தி, ஒரே வேளைச் சாப்பாடு. உன் குட்டிக்காக வருத்தப்பட்டேன். சாமியார் சொன்னதற்காகவும் வருத்தப்பட்டேன். கிளறவில்லை சாமி.

ஒரு நல்ல சேதி. பெரிய வியாழக்கிழமை சபைத் தலைவர் பன்னிரண்டு ஏழைகளின் காலைக் கழுவுவார் என்று உனக்குத் தெரியும். ஆனால் தலைவர் கழுவுவதற்கு முன்னால் அந்தப் பன்னிரண்டு பேரின் காலையும் கழுவுகிறவன் யார் என்று தெரியுமா? நான்தான்! எட்டு வருஷமாக இது என் வேலை. வெந்நீர், சோப்பு, நுரைக்கல், நகம் வெட்டக் கத்தரிக்கோல், கடைசியில் ஆரஞ்சுப்பூத் தண்ணீர். இருபத்து நான்கு கால்களையும் பிறந்த பிள்ளையின் கால் மாதிரி ஆக்கித்தான் கூடத்துக்கு அனுப்புவேன். தலைவர் முழங்காலிட்டு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றித் துடைத்து முத்தமிடுவார். போன வருஷம் ஒரு கிழவர் கேட்டார், "ஏம்ப்பா, எல்லாத்தையும் நீயே கழுவிட்டா அவருக்கு என்னப்பா மிச்சம்?" என்று. "புண்ணியம் மிச்சம் தாத்தா, பேசாம கால நீட்டுங்க" என்றேன்.

பிரபுக்களுக்கு இது நாடகம் இல்லை அண்ணா, அதையும் சொல்ல வேண்டும். நான் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த காலத்திலேயே பார்த்திருக்கிறேன். நோயாளிதான் எங்கள் எசமான் என்று சத்தியம் பண்ணி, வெள்ளித் தட்டில் கோழி ரசத்தை அவர்களே ஏந்தி வருவார்கள்.

இந்த வருஷம் புதுத் தலைவர் பன்னிரண்டில் ஒருவர் கோசோக்காரராக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். தர்மக் காரியம் பார்க்கிற பிரபு என்னைக் கூப்பிட்டு, "யாராவது தெரியுமா?" என்றார். உன் பெயரைச் சொன்னேன். நீலச் சட்டை ஒன்று, கால்சட்டை ஒன்று, பெரிய விருந்து. அதெல்லாம் கிடக்கட்டும். யோசித்துப் பார் அண்ணா: நீ நாற்காலியில், அந்த முகம் உன் காலடியில். நான் சுவரோரம் நின்று பார்ப்பேன். போதும், பிறகு நான் செத்தாலும் சரி. (முட்டி முதலில் சாகட்டும்.)

உன் கால் ஆட்டுக்கிடையில் வளர்ந்த கால். முந்தின நாளே வந்துவிடு, ஊறவைக்க நேரம் வேண்டும்.

உன் தம்பி,
நார்து

*

இம்ஜார்,
தவக்காலம் இரண்டாம் ஞாயிறு

நார்துவுக்கு,

சால்வு சொல்ல எழுதுவது. சுகம். வரமாட்டேன். பெயரை எடுத்துவிடு. அவர் என் காலைக் கழுவ வேண்டியதில்லை. அவர் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. கப்பலுக்கு ஆள் கொடுத்தார்கள், அவர் ஓட்டினார்.

சால்வு

தம்பி, இதைச் சொல்லிவிட்டு வாசல்வரை போனார். அங்கேயே நின்றார். திரும்பி வந்து, "சாமி, இதையும் எழுதுங்க. அடுத்தவன் கையால எதுக்குடா கழுவுற?" என்றார். அர்த்தம் எனக்கு விளங்கவில்லை. சொன்னது சொன்னபடி எழுதிவிட்டேன்.

ஜி. சாமியார்

*

வலெத்தா,
மங்கள வார்த்தைத் திருநாள்

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம்தானே? நானும் அப்படித்தான்.

உன் கடிதத்தின் கடைசி வரியைச் சாமியார் மாதிரியே நானும் விளங்காதவனாக வாசித்தேன். அப்படியே ஒன்பது நாள் ஓட்டினேன். இன்றைக்கு முடியவில்லை.

பெயரை எடுக்க வழியில்லை. தர்மப் பிரபு மையால் எழுதிவிட்டார். அவர் எழுதியதை அவரே அழிக்க மாட்டார், கை அப்படி. புனித வாரத்துப் புதன்கிழமைப் படகில் வா. நான் சுங்க வாசலில் நிற்பேன். ஆமாம், அதே வாசல்தான். படகில் வருகிறவனுக்கு இந்த ஊரில் வேறு வாசல் வைக்கவில்லை.

அண்ணா, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். எழுதினால் சாமியார்தான் வாசிப்பார். (கோபிக்க வேண்டாம் சாமி, உங்கள் குரலில் தப்பில்லை.) நீ நேரில் வந்தால் சொல்வேன். இதில் வேடிக்கையாக ஒரு வரி சேர்க்கலாம் என்று மூன்று தடவை பேனாவைத் தொட்டேன். வரவில்லை.

நார்து

*

வலெத்தா,
பாஸ்குக்கு மறுநாள் திங்கட்கிழமை

அண்ணா,

நீ சுகமாக இருக்க வேண்டும். நான் சுகமில்லை.

புதன்கிழமை வாசல் திறந்ததிலிருந்து நின்றேன். கோசோப் படகுகள் ஏழு வந்தன. முட்டைக் கூடையோடு பெண்கள் இறங்கினார்கள், ஒரு கழுதை இறங்கியது, உங்கள் ஊர் நோட்டரிகூட இறங்கினார். காவலாளிக்கு என்னைப் பார்த்து அலுத்துவிட்டது.

"யாருய்யா வர்றா, பொண்டாட்டியா?"

"அண்ணன்யா."

"அண்ணனுக்கா இம்புட்டுத் தலைய சீவிட்டு வந்திருக்க?"

வாசலைச் சாத்துகிறபோது அவனே என் தோளைத் தட்டி, "நாளைக்கு வருவாருய்யா, போ" என்றான். 

வியாழக்கிழமை பதினோரு பேரைக் கழுவி முடித்தேன். பன்னிரண்டாவது நாற்காலி காலி. தர்மப் பிரபு வந்தார்.

"கோசோக்காரன் எங்கே?"

"காத்து சரியில்ல பிரபு."

"காத்து நல்லாத்தான் இருக்கு. நீ உக்காரு."

"நானா? நான் ஏழை இல்லையே பிரபு, அரண்மனை வேலக்காரன்."

"உன் மொகத்தப் பாத்தா போதும். உக்காரு."

உனக்கு என்று தைத்த நீலச் சட்டையை எனக்கு மாட்டினார்கள். கை இரண்டு விரல் நீளம். நீ என்னைவிட உயரம் என்பதே மறந்துபோயிருந்தது.

அண்ணா, எல்லோர் காலையும் கழுவுகிறவன் நான். என் காலை யார் கழுவியிருப்பார்கள்? விடியற்காலையிலிருந்து முற்றத்துச் சேற்றில் வெறுங்காலோடு தண்ணீர் சுமந்த கால். பதினோரு ஜோடி கால்களில் விழுந்த தண்ணீர் வெள்ளித் தாம்பாளத்தில் கண்ணாடி மாதிரி நின்றது. என் காலில் ஊற்றியதும் கரிச்சட்டி கழுவின தண்ணீர் மாதிரி ஓடியது. இளம் பிரபுக்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தலைவர் சிரிக்கவில்லை. இன்னொரு செம்பு கேட்டார். பிறகு இன்னொன்று. வெறுங்கையால் தேய்த்தார். அந்தக் கூடத்தில் அன்றைக்கு நிஜமாகக் கழுவப்பட்டது என் கால் ஒன்றுதான்.

"பேரு என்ன?" என்றார். நம் பேச்சை அவர் கப்பலில் கற்றவர். நான் வாயைத் திறப்பதற்குள் தர்மப் பிரபு காகிதத்தைப் பார்த்து வாசித்துவிட்டார்: "கோசோ, இம்ஜார் துறை, சால்வு."

தலைவரின் கை நின்றது. "இம்ஜார் சால்வு," என்றார். "எடப்பக்கம், துடுப்புப் போடுற ஒன்பதாம் பலக. தன் தண்ணியப் பக்கத்துல இருக்கறவனுக்குக் குடுத்துட்டு உக்காந்திருப்பான்." அவர் கட்டைவிரல் என் கணுக்காலைச் சுற்றிச் சுற்றித் தேடியது. "சங்கிலித் தழும்பக் காணோமே?"

அண்ணா, அப்போது சொல்லியிருக்க வேண்டும். சபைத் தலைவர் என் முன்னால் மண்டியிட்டிருக்கிறார், என் கால் அவர் கையில் இருக்கிறது, சுற்றிலும் அத்தனை பிரபுக்கள். சொல்ல அதைவிட நல்ல இடம் இந்தப் பாறையில் கிடையாது. வாயைத் திறந்தேன். என்ன வந்தது தெரியுமா?

"நீங்க தேய்ச்ச தேய்ப்புல போயிடுச்சு பெரியவரே."

கூடமே சிரித்தது. அவரும் சிரித்தார். என் காலை முத்தமிட்டு எழுந்து போனார். அந்த இடம் இன்னும் சுடுகிறது.

சாமி, இனி நிறுத்தாமல் வாசியுங்கள். சந்தைக் குரல் வேண்டாம்.

அந்தக் கிண்ணத்தை எடுத்தவன் நான். அண்ணன் இல்லை. நான் ஆஸ்பத்திரி வார்டில் வேலைக்காரன். எனக்கும் வெந்தூராவுக்கும் இம்ஜாரில் கல்யாணம். சாகக் கிடக்கிற கப்பல்காரன்கூட வெள்ளியில் சாப்பிடுகிறானே, என் பெண்டாட்டி ஒரே ஒரு நாள் வெள்ளியில் சாப்பிடட்டும் என்று நினைத்தேன். சனிக்கிழமை ரொட்டிக்குள் வைத்துக் கொண்டுபோனேன். திங்கட்கிழமை எண்ணுவதற்குள் திருப்பி வைத்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை அவள் அதில் அவரைக்காய் ரசம் குடித்தாள். கோழிகூட இல்லை. நான் இன்னொரு நாள் அவளோடு இருக்க ஆசைப்பட்டு, வலெத்தாவுக்குப் புறப்பட்ட அண்ணனிடம், "இந்தப் பால்கட்டிக் கூடைய ஆஸ்பத்திரி சமையக்கட்டுல குடுத்துருண்ணே" என்றேன். அடியில் கிண்ணம் இருப்பது அண்ணனுக்குத் தெரியாது. சுங்க வாசலில் கூடையைத் திறந்தார்கள். அண்ணன் அதற்கு முந்தின மாதம் காய்ச்சலில் அதே வார்டில் படுத்திருந்தவர். "நான்தான் எடுத்தேன்" என்று சொல்லிவிட்டார். நான் இரண்டு நாள் கழித்துத்தான் வலெத்தாவுக்கு வந்தேன். விசாரித்தார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். ஐந்து வருஷம் அண்ணன் சங்கிலியில் கிடந்தார். அன்றைக்கு ஆரம்பித்த வேடிக்கைப் பேச்சைத்தான் நான் இன்றுவரை நிறுத்தவில்லை.

வெந்தூராவுக்கும் சொன்னதில்லை. கிண்ணம் இரவல் வாங்கியது என்று நினைத்துக்கொண்டே போய்விட்டாள்.

உன் காலை அவரை வைத்துக் கழுவிவிடலாம் என்று பார்த்தேன். நீ கேட்டது சரி. என் குற்றத்தில் நீ எனக்காக உட்கார்ந்தாய், உன் மரியாதையில் நான் உனக்காக உட்கார்ந்துவிட்டேன். அதையும் எடுத்துக்கொண்டேன்.

நாளைக்குத் தர்மப் பிரபுவிடம் போய்ச் சொல்லப் போகிறேன். ஐம்பது வயதுக்காரனைத் துடுப்பில் கட்டுவார்களா தெரியாது. கட்டினால் ஒன்பதாம் பலகையைக் கேட்பேன்.

நார்து

*

இம்ஜார்,
பாஸ்குக்குப் பின் இரண்டாம் ஞாயிறு

அன்புள்ள நார்துவுக்கு,

ஆசீர்வாதம். நீ நலமாக இருக்கிறாயா, எங்கே இருக்கிறாய் என்றே தெரியாமல் அரண்மனை முகவரிக்கு எழுதுகிறேன். இது சால்வு சொல்லி எழுதுவது அல்ல. நானாக எழுதுகிறேன்.

உன் கடிதத்தை நிறுத்தாமல் வாசித்தேன். அவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். கை ஓய்ந்தது, ஆனால் நிமிரவில்லை.

"படிச்சாச்சா சாமி?"

"படிச்சாச்சு."

"கதவு தொறந்து கெடக்கு. தெருவுல கேட்டிருக்கும்."

"கேக்கட்டும் சால்வு" என்றேன். பிறகு கேட்டேன், "ஏன் இத்தனை வருஷம் வாயே தொறக்கல?"

"கல்யாணமாகி ரெண்டு நாளு சாமி அவனுக்கு" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்ன காரணம்.

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தப் பங்குக்கு வந்து பதினெட்டு வருஷமாகிறது. சால்வு கோயிலுக்குள் வந்தால் வெள்ளிப் பாத்திரப் பெட்டியைப் பூட்டிவிட்டுத்தான் பூசைக்கு நிற்பேன். அவர் எதிரிலேயே சாவியைத் திருப்பியிருக்கிறேன். அந்தச் சத்தத்தை அவர் ஒவ்வொரு ஞாயிறும் கேட்டிருக்கிறார். இன்று காலை பவனிக்கு வெள்ளிச் சிலுவையை அவர் தூக்க வேண்டும் என்று கேட்டேன். "கனமா இருக்குமே சாமி, எனக்கும் முட்டி வலிக்குது" என்றார். உன் அண்ணன் வேடிக்கை பேசி நான் கேட்டது இதுதான் முதல் தடவை. அது வேடிக்கைதானா என்றும் எனக்குத் தெரியவில்லை. சிலுவையைத் தூக்கவில்லை.

உனக்குத் தெரியாதது ஒன்று. புனித வாரப் புதன்கிழமை அவர் சவரம் பண்ணிக்கொண்டு படகில் போய் உட்கார்ந்தார். நானே பார்த்தேன். உச்சிப் பொழுதுவரை உட்கார்ந்திருந்தார். படகுக்காரன், "அண்ணே, போலாமா வேணாமா?" என்று கேட்டதற்கு, "நீ போ" என்று இறங்கிவிட்டார்.

இதை எழுதி முடிக்கிற நேரம் வந்து, யாருக்குக் கடுதாசி என்று கேட்டார். சொன்னேன்.

"அவன வரச் சொல்லுங்க. தண்ணி இங்கயும் இருக்கு."

ஜிலோர்மு சாமியார்

*

மார்ஃபா முனை, கடற்கரை,
சிலுவை கண்டெடுத்த திருநாள்

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி நார்து எழுதுவது. சாமியார் கடிதம் பார்த்துப் புறப்பட்டு வந்து, மூன்று நாளாக இந்த முனையில் உட்கார்ந்திருக்கிறேன். எதிர்க்காற்று. படகு எடுக்க மாட்டேன் என்கிறார்கள். இங்கிருந்து பார்த்தால் உன் துறை தெரிகிறது. புகை தெரிகிறது. அது உன் அடுப்பா, பக்கத்து வீட்டு அடுப்பா என்று தெரியவில்லை. உன் அடுப்பு என்றே வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தர்மப் பிரபுவிடம் சொன்னேன். கடைசிவரை கேட்டார்.

"கிண்ணம் திரும்பி வந்துதா?"

"வந்துது பிரபு."

"தண்டன நிறைவேறிச்சா?"

"நிறைவேறிச்சு. ஆளுதான் வேற."

ஒரு குற்றத்துக்கு இரண்டு தண்டனை கொடுக்கச் சட்டம் இல்லையாம். ஆனால் ஏழைகளின் காலைத் தொடுகிற வேலை இனி எனக்கு இல்லை என்றார். தொட்டி, கத்தரிக்கோல், குடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டேன். தேய்ந்துபோன நுரைக்கல் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றார். சபைத் தலைவருக்குச் சொன்னாரா, தெரியாது. சேதி ஒன்றும் வரவில்லை.

சுங்க வாசலில் அதே காவலாளி. உன் கூடையைத் தோளில் மாட்டியிருந்தேன். திறந்து பார்த்தான்.

"என்னய்யா, நுரைக்கல்லு ஒண்ணு கெடக்கு. மத்தபடி காலிக் கூடையா?"

"காலிதான்யா. இந்தத் தடவ."

இருபத்திரண்டு வருஷமாக எனக்கு விடுமுறை கிடைக்கவில்லை என்று எழுதினேனே, நான் கேட்டதே இல்லை அண்ணா.

இந்தக் கடிதத்தை யாரிடமும் கொடுத்தனுப்பவில்லை. காற்று திரும்பினால் நாளைக்கு இதுவும் நானும் ஒரே படகில் வருவோம். சாமியாருக்குச் சிரமம் வேண்டாம். நானே உனக்கு வாசிக்கிறேன், சாமியார் குரல் மாதிரி வராது, பொறுத்துக்கொள். சிரிக்க வேண்டிய இடம் எதுவும் இதில் இல்லை.

இந்த வரி வந்ததும் காலை நீட்டு.

நார்து